பெரிய ற

எழுத்துப் பிழையைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆம்பூரில் பத்திர ஆபீஸுக்கு எதிரே கொட்டகை போட்டு உட்கார்ந்திருக்கும் எழுத்தர்கள் நாங்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேருக்கும் ரகரமும் றகரமும் ஒன்றுதான். அதில் ஒருத்தன் ஒரு விற்பனைப் பத்திரத்தில் "தென்னை மறம் இருபது" என்று எழுதிவைத்தான். மறம் என்றால் வீரம். வாங்கினவன் இருபது வீரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கொண்டிருக்கிறான் என்று நான் ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். என் பெயர் ஜம்புலிங்கம். "முதலியார் எழுதினால் பிழை இருக்காது" என்று ஜோலார்பேட்டை வரைக்கும் பெயர் எடுத்தவன். அந்தப் பெயரை நானே போட்டு உடைத்த கதை இது.

1929-ம் வருஷம், மாசி மாதம். ஷபீ அஹமது சாயிபு என் கொட்டகைக்கு வந்தார். மாதனூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் தோல் பதனிடுகிற பெரிய ஷாப் நடத்தியவர். பட்டு ஷெர்வானியும் சிவப்புத் தொப்பியுமாகக் கோச்சு வண்டியில் அவர் போகும்போது நாங்கள் எழுந்து நின்றிருக்கிறோம். பிள்ளை இல்லை. மனைவி இறந்த மறு வருஷமே ஷாப்பைத் தம்பி மகன் ஜியாவுல்லாவிடம் விட்டுவிட்டு, ஆற்றங்கரைத் தோட்டத்தில் ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். அன்றைக்கு முரட்டு லுங்கி கட்டிக்கொண்டு, நாலு மைலுக்கு மேல் நடந்தே வந்திருந்தார். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இருக்கிறவன் இல்லாதவன் மாதிரி வந்து நின்றால் எப்படி மரியாதை செய்வதென்று தெரியாமல் போய்விடுகிறது.

"மொதலியார், தான பத்திரம் ஒண்ணு எழுதணும்" என்றார். "அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணும். எங்க பாஷையில தர்க்குன்னு சொல்வாங்க. தர்கே துனியா. சாமான், சொத்து, பேரு எல்லாம் கையில இருக்கும்போதே, போதும்னு கையை எடுத்துக்கறது. அதுக்குத் தமிழ்ல இன்னா?"

வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் எனக்கு எரிச்சலெல்லாம் பறந்துவிடும். "துறவு, சாயிபு" என்றேன். "துற என்றால் விடு. வீட்டைத் துறந்தான், ஊரைத் துறந்தான் என்கிறோமே, அதிலிருந்து வந்தது. இல்லாதவன் இல்லாமல் இருப்பது துறவு ஆகாது. இருக்கிறதை விட்டால்தான் அந்தச் சொல்லே வரும்."

"தொரவா?" சாயிபு முகம் மலர்ந்தது. "அது கெணத்துக்கு இல்ல சொல்றது? என் தோட்டத்துல இருக்கிறதே, பெரிய தொரவு."

இங்கேதான் எனக்குச் சூடு ஏறியது. அது வேறு, இது வேறு என்றேன். கிணற்றுக்குச் சொல்வது சின்ன ர. துர என்றால் தோண்டு, துளை. தச்சன் மரத்தைத் துளைக்கிற துரப்பணம் அந்த வேரில் பிறந்தது. அகலமாகத் தோண்டினால் துரவு. பத்திரத்தில் "கிணறு துரவு" என்று ஜோடியாக எழுதுவது அதைத்தான். துறவிக்கு வருவதோ பெரிய ற. நாக்கு அண்ணத்தில் அழுந்த வேண்டும். இதையெல்லாம் அவருக்கு வாய் திறந்து காட்டிக்கூடச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்தார். "கெணறு வெட்டறவன் இன்னா பண்றான் மொதலியார்? மண்ணை வாரி வாரி வெளியே போடறான். உள்ள ஒண்ணையும் கொண்டாந்து வைக்கறதில்ல. போட்டுக்கினே இருந்தா தண்ணி தானா வருது. அப்போ ரெண்டும் ஒரே வார்த்தையாவே இருந்துட்டுப் போகட்டுமே."

இலக்கணம் தெரியாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

அவருக்கு வேண்டியது இதுதான். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆவாரம்பட்டை இடிக்கிற இடத்திலும் வேலை செய்கிறவர்களின் சேரி அவர் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஷாப்பின் கழிவு நீர் மண்ணில் இறங்கி இறங்கிச் சேரிக் கிணறு காவி நிறமாகிவிட்டது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு வருஷத்தில் ஒன்பது குழந்தைகள் போய்விட்டார்கள். தோட்டத்துத் துரவில் மட்டும் தண்ணீர் தேனாக இருந்தது. குளம் போல அகலம், ஒரு பக்கம் இறங்கப் படிக்கட்டு. "என் ஷாப்புத் தண்ணிதானே அவங்க கெணத்தைக் கெடுத்தது? நெலம் ஜியாவுக்குப் போகட்டும். தொரவு அவங்களுக்கு. இன்னிலேருந்தே" என்றார் சாயிபு.

நான் எழுதினேன். "தோட்ட நிலத்தை என் வாரிசுக்கு வைத்துக்கொண்டு, துறவை மட்டும் மேற்படி சேரியாருக்கு இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியமாக விட்டுக்கொடுத்தேன்." மூன்று இடத்தில் அந்தச் சொல் வந்தது. மூன்றிலும் பெரிய ற. அரை மணி நேரம் அதைப் பற்றியே வாய் கிழியப் பேசியவன் கை, அதையே எழுதிவிட்டது. சாயிபுக்கு உருது படிக்கத் தெரியும், தமிழ் தெரியாது. ரிஜிஸ்திரார் உரக்கப் படித்துக் காட்டினார். காதுக்கு இரண்டும் ஒன்றுதானே? எல்லோரும் தலையாட்டினோம். சாயிபு உருதுவில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் சாயிபு இறந்தார். நாற்பதாம் நாள் கழிந்ததும் ஜியாவுல்லா துரவைச் சுற்றி முள்வேலி போட்டு, படிக்கட்டு வாயிலில் கதவு வைத்துப் பூட்டினார். தோல் ஊறவைக்க நல்ல தண்ணீர் வேண்டும், உப்புத் தண்ணீரில் ஊறினால் தோல் விறைத்துப் போகும் என்று ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். சேரிக்காரர்கள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சாமுவேல் வக்கீலிடம் போனார்கள். ஜியாவுல்லாவுக்கு ராஜவேலு வக்கீல். அவர்தான் பத்திரத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தவர்.

ராஜவேலு என் கொட்டகைக்கே வந்தார். பத்திரத்தின் நகலைப் பிரித்து, மூன்று இடத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார். நான் பார்த்தேன். மூன்றும் பெரிய ற.

"ஒண்ணும் பயப்படாதீங்க" என்றார் ராஜவேலு. "நீங்க பொய் சொல்லவே வேணாம். சாயிபு துறவைப் பத்திக் கேட்டாரு. நீங்க அர்த்தம் சொன்னீங்க. துறவுன்னு எழுதினீங்க. ரிஜிஸ்திரார் படிச்சாரு, அவரு கையெழுத்துப் போட்டாரு. எல்லாம் நெசம்தானே? அத்தோட நிறுத்திக்கங்க. உங்க பேரும் கெடாது."

எல்லாம் நிஜம்தான். அதுதான் பேஜார். ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு சேரியின் தண்ணீரைப் பிடுங்கிவிடலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு வாரம் மற்ற ஆறு எழுத்தர்களின் முகம் கண் முன்னால் வந்து வந்து போனது. குழந்தைகளின் முகம் வரவில்லை. அவர்களை நான் பார்த்ததே இல்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1931-ம் வருஷம், சித்திரை வெயிலில் முன்சீப் கோர்ட்டில் விசாரணை. ராஜவேலு எழுந்து, "துறவு என்பது ஒரு சொத்தல்ல, அதைத் தானம் செய்ய முடியாது" என்று ஆரம்பித்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, சாயிபு கடைசிக் காலத்தில் பக்கிரி மனசுக்காரராக இருந்தது ஊரறியும். தன் துறவைச் சேரியாருக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கு அவர்களுக்குப் பத்திரம் எதற்கு? அது அவர்களிடம் ஏற்கெனவே ஏராளமாக இருக்கிறதே." கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் நின்றிருந்த சேரிக்காரர்களுக்கு அந்தத் தமிழ் முழுக்கப் புரியவில்லை. மற்றவர்கள் சிரித்ததைப் பார்த்து அவர்களில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் பெயரைப் பற்றி யோசிக்க முடியவில்லை.

கூண்டில் ஏறியதும் சாமுவேல் கேள்வி கேட்கும் முன்பே சொன்னேன். "பிழை என்னுடையது. அவர் கேட்டது கிணறு. சின்ன ர போட வேண்டிய இடத்தில் பெரிய ற போட்டுவிட்டேன். மூன்று இடத்திலும்."

"இருபத்தாறு வருஷத்தில் உங்களுக்கு எத்தனை பிழை வந்திருக்கிறது?" என்றார் ராஜவேலு.

"மூன்று. மூன்றும் அந்தப் பத்திரத்தில்."

மறுபடி சிரிப்பு. ஆனால் ராஜவேலு சளைக்கவில்லை. சரி, கிணறு என்றே வைத்துக்கொள்வோம் என்றார். முகமதியச் சட்டப்படி தானம் செல்லுபடியாக வேண்டுமானால் வாயால் சொன்னால் போதாது, எழுதினாலும் போதாது. கொடுத்தவர் அந்தப் பொருளின் மேலிருந்து கையை எடுத்திருக்க வேண்டும். வாங்கியவர் கைக்கு அது போயிருக்க வேண்டும். சாயிபு சாகும் வரைக்கும் அதே தோட்டத்தில் இருந்தார், அதே துரவுத் தண்ணீரைக் குடித்தார். கையை எங்கே எடுத்தார்? முன்சீப் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். சாமுவேல் முகம் சுருங்கிவிட்டது. போச்சு என்று நினைத்தேன். நான் மானத்தை விட்டது வீணாகிவிட்டது.

அடுத்து தனகோடியைக் கூப்பிட்டார்கள். ஆவாரம்பட்டை இடிக்கிறவள். நாற்பது வயது இருக்கும். உள்ளங்கை இரண்டும் பட்டையின் சிவப்பு ஏறிப் போயிருந்தது. போன ஒன்பது குழந்தைகளில் இரண்டு அவளுடையவை என்று சாமுவேல் எனக்குப் பிறகு சொன்னார். கூண்டின் கட்டையைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையைத் தூக்கியே வைத்துக்கொண்டு நின்றாள்.

ராஜவேலு கேட்டார். "ஷபீ அஹமது சாயிபு அந்தத் தொரவுல தண்ணி எடுத்தாரா இல்லையா?"

"எடுத்தாரு சாமி."

"தெனமும்?"

"தெனமும்தான். கேட்டுட்டு எடுப்பாரு."

"யாரைக் கேட்டு?"

"எங்களைத்தான் சாமி. காலைல கொடத்தை எடுத்துக்கினு அவரே வருவாரு. ஆளு கெடையாது, அவரேதான். எங்க தெரு மொனைல நிப்பாரு. 'தனகோடிம்மா, உங்க தொரவுல ஒரு கொடம் எடுத்துக்கட்டா'ன்னுவாரு. நான் இல்லன்னா வேற யாரையாச்சும் கேப்பாரு. ஒரு பொம்பளையும் இல்லன்னா நின்னுக்கினே இருப்பாரு, யாராச்சும் வர்ற வரைக்கும். மொதல்ல எங்களுக்கு வெக்கமா இருந்திச்சு. உங்க தோட்டம் சாயிபு, எங்களை இன்னாத்துக்குக் கேக்கறீங்கன்னேன். தோட்டம் என்னுது, தொரவு உங்களுதும்மான்னாரு."

ராஜவேலு உட்கார்ந்திருக்கலாம். வக்கீல்களுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியாது.

"அது சும்மா மரியாதைக்குக் கேட்டது. நீங்க வேணாம்னா விட்டுடுவாரா?"

தனகோடி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு நாளு வேணாம்னு சொல்லிட்டேன் சாமி. போன வருசம் அக்கினி நட்சத்திரத்துல. தண்ணி அடியில கெடந்துச்சு. புள்ளைங்களுக்கே பத்தல. இன்னிக்கி இல்ல சாயிபு, கம்மியா கீதுன்னேன். சரிம்மான்னாரு. காலிக் கொடத்தை எடுத்துக்கினு போய்ட்டாரு." பிறகு, "தப்புத்தான் சாமி. வயசானவருக்கு ஒரு கொடம் குடுத்திருக்கலாம்" என்றாள்.

ஒரு காலத்தில் அவர் வண்டி வந்தால் நாங்கள் எழுந்து நின்றோம். அவர் வெட்டிய துரவு. அவர் தோட்டத்தின் நடுவில் இருக்கிறது. சேரித் தெரு முனையில் காலிக் குடத்தோடு நின்று, ஒரு பட்டை இடிக்கிறவள் இல்லை என்று சொல்ல, சரிம்மா என்று திரும்பிப் போயிருக்கிறார். துற என்றால் விடு என்று நான் அவருக்கு அர்த்தம் சொன்னேனே, அந்தச் சொல் எவ்வளவு பெரியதென்று எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. கொடுக்கிறவன் யாரும் கொடுத்துவிடலாம். கொடுத்ததை வாங்கினவன் உனக்கு இல்லை என்று சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நடக்கிற மனம் எத்தனை பேருக்கு வரும்? கூப்பிய கையோடு உட்கார்ந்திருந்தேன். எப்போது கூப்பினேன் என்று தெரியாது.

ராஜவேலு அப்போதுதான் விழித்துக்கொண்டு, இதற்குச் சாட்சி உண்டா, சேரிக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கதை என்றார்.

"சாட்சி இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது. ஜியாவுல்லா எழுந்து நின்றிருந்தார். ராஜவேலு அவர் சட்டையைப் பிடித்து உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"அன்னைக்கு மத்தியானம் பெரியப்பா எங்க வூட்டுக்கு வந்தாரு. வெயில்ல மூணு மைலு. கையில காலிக் கொடம்" என்றார் ஜியாவுல்லா. "ஏன் பெரியப்பா, தோட்டத்துலதான் தண்ணி கீதேன்னேன். அவங்க இல்லன்னுட்டாங்கன்னாரு. கோவமே இல்ல. சொல்லிட்டுச் சிரிச்சாரு. வயசாயிடுச்சு, புத்தி கொஞ்சம் கலங்கிடுச்சின்னு நெனச்சேன். அவங்கதான் ஏமாத்தறாங்கன்னு நெனச்சேன். பூட்டுப் போட்டதும் அந்தக் கோவத்துலதான். அவரு நெசமாவே வுட்டுட்டாருன்னு இப்பத்தான் புரியுது." அவர் ஷெர்வானிப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நடந்து போய், கூண்டின் கட்டைமேல், தனகோடியின் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

முன்சீப் அப்புறம் என்னென்னவோ எழுதினார். இரு தரப்பும் ராஜி என்றும், ஜியாவுல்லாவே பிழைத்திருத்தப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்றும், அதில் துரவின் எல்லைகளைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. ஜியாவுல்லா என்னைத்தான் எழுதச் சொன்னார். ராஜவேலு வேறு ஆள் பார்க்கலாம் என்றதற்கு, "இவரு இனிமே தப்பு பண்ண மாட்டாரு" என்றார்.

எல்லை எழுத வேண்டுமானால் இடத்தைப் பார்க்க வேண்டும். முதல் தடவை நான் அதைச் செய்யவில்லை. நாலாம் நாள் தோட்டத்துக்குப் போனேன். வேலியைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கயிறு பிடித்து நான்கு பக்கமும் அளந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நாக்கு வறண்டுவிட்டது. கீழே படிக்கட்டில் பெண்கள் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள். தனகோடியும் இருந்தாள். தண்ணீர் அடிமணல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

எங்கள் வீட்டில் சேரிக்காரர்கள் தொட்ட தண்ணீரைக் குடிப்பதில்லை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அதுவரை ஒரு நாளும் குடித்ததில்லை. ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொள்ளலாம், கால் மைல்தான். ஆனால் என்னால் அந்தத் துரவை விட்டு நகர முடியவில்லை. படிக்கட்டின் தலைப்பில் நின்றேன்.

"தனகோடிம்மா, உங்க துரவுல ஒரு சொம்புத் தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன்.

பெண்கள் மொள்ளுவதை நிறுத்திவிட்டார்கள். தனகோடி என்னை நெற்றியிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். "கேலி பண்ணாதீங்க சாமி" என்றாள்.

"கேலி இல்லம்மா. தாகம்."

அவள் செம்பில் மொண்டு மேலே கொண்டுவந்தாள். கையில் தராமல் படிமேல் வைத்துவிட்டு விலகி நின்றாள். நான் எடுத்தேன். முதல் வாய்த் தண்ணீர் தொண்டைக்குள் இறங்காமல் அப்படியே நின்றது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். இரண்டாவது வாய்க்குக் கண்ணை மூடவில்லை.

"வூட்ல சொல்லுவீங்களா சாமி?" என்று கேட்டாள் தனகோடி. கிண்டலாகத்தான் கேட்டாள். மற்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. சாயிபு செய்ததை நினைத்து நான் கோர்ட்டில் கை கூப்பினது நிஜம். ஆனால் அவரைப் போல விடுவதற்கு என்னிடம் துரவு எதுவும் இல்லை. தோட்டமும் இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் என் வீட்டில் எனக்கிருக்கும் மரியாதை ஒன்றுதான்.

"சொல்லுவேன்" என்றேன்.

வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதே என் மனைவி பங்கஜத்திடம் சொன்னேன். அன்று சாயங்காலம் என் தட்டையும் தம்ளரையும் எடுத்துத் தனியாக வைத்தாள். இன்றைக்கு ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் தனியாகத்தான் இருக்கின்றன. நானே கழுவிக்கொள்கிறேன்.